ஸ்கீமாவில் தேறாத எக்ஸ்எம்எல்: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டுபிடிப்பது எப்படி?

எக்ஸ்எம்எல் என்பது தரவைக் குறிகளுக்குள் எழுதும் கோப்பு வடிவம்; அதில் எது, எந்த வரிசையில், எந்த வகையில் வரலாம் என்ற விதிகளைச் சொல்வது ஸ்கீமா. ஸ்கீமா சோதனையில் தேறாமல் திரும்பிவரும் எக்ஸ்எம்எல் கோப்புகளைச் சரிசெய்து கொடுப்பது பல ஆண்டுகளாக என் வேலையில் ஒரு பகுதி. கோப்புகள் எங்கிருந்து வந்தாலும் பிழைகள் பெரும்பாலும் அதே சிலதான். ஆனால் பிழைச் செய்தியைப் படிப்பவர்கள் தவறான இடத்தில் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். கோப்பைப் படித்துச் சோதிக்கும் மென்பொருளான பார்சர் சொல்லும் வரி எண், தவறு நடந்த இடம் அன்று. அதற்கு மேல் போக முடியாமல் பார்சர் நின்றுவிட்ட இடம். தவறு அதற்கு இரண்டு வரி முன்னால் இருக்கலாம், கோப்பின் முதல் வரியில் இருக்கலாம், கோப்பிலேயே இல்லாமல் ஸ்கீமாவில் இருக்கலாம்.

கீழே உள்ளவற்றில் உங்களுக்கு வரும் அறிகுறியைத் தேடி நேராக அங்கே செல்லுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணத்தை முதலிலும் ஸ்கீமாவையே மாற்ற வேண்டிய காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் எல்லாம் ஒரு பதிப்பகத்தின் நூற்பட்டியலைச் சுற்றியவை: ‘நூற்பட்டியல்’ என்ற வேர் உறுப்பு, அதற்குள் பல ‘நூல்’, ஒவ்வொரு நூலுக்குள்ளும் ‘தலைப்பு’, ‘ஆசிரியர்’, ‘விலை’, ‘வெளியீட்டுநாள்’. உறுப்புகளுக்குத் தமிழில் பெயர் வைப்பதை எக்ஸ்எம்எல் விதிகள் முழுமையாக அனுமதிக்கின்றன.

எந்த அறிகுறியானாலும் முதலில் இரண்டைச் செய்துவிடுங்கள். ஒன்று, ஸ்கீமா இல்லாமல் கோப்பை மட்டும் பார்சரிடம் கொடுத்து, அது ஒழுங்கான எக்ஸ்எம்எல்தானா என்று பாருங்கள். ‘எக்ஸ்எம்எல்லிண்ட்’ கருவியில் ‘நோஅவுட்’ விருப்பத்தை மட்டும் கொடுத்தால் போதும். மூடாத குறியும் விதிப்படி மாற்றி எழுதாமல் விட்ட ‘அண்ட்’ அடையாளமும் இங்கேயே சிக்கிவிடும். இரண்டு, நூறு பிழைகள் வந்தாலும் முதல் பிழையை மட்டும் திருத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஜாவாவில் பரவலாகப் பயன்படும் ஸெர்ஸஸ் பார்சர் மதிப்புப் பிழை ஒன்றுக்கு இரண்டு செய்திகள் தரும். அதே பார்சர், ஒரு உறுப்பின் பிள்ளைகளின் வரிசையில் ஒரு தவறைக் கண்டுவிட்டால் அந்த உறுப்பின் மற்ற வரிசைத் தவறுகளைச் சொல்லாது. ஆகவே செய்திகளின் எண்ணிக்கையை வைத்துப் பிழைகளின் எண்ணிக்கையை மதிப்பிட முடியாது.

## அறிகுறி: வேர் உறுப்புக்கு அறிவிப்பே கிடைக்கவில்லை என்கிறது

ஸெர்ஸஸில் இது ‘சிவிசி-எல்ட்.1’ என்று வரும். புதிய பதிப்புகளில் ‘1.ஏ’. எக்ஸ்எம்எல்லிண்ட், வேர் உறுப்புக்குப் பொருந்தும் பொது அறிவிப்பு இல்லை என்று சொல்லும்.

உறுப்புகளின் பெயர்கள் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை என்று காட்டும் பெயர்வெளி எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா? கோப்பின் வேர் உறுப்பில் உள்ள பெயர்வெளி முகவரியையும் ஸ்கீமாவின் ‘டார்கெட்நேம்ஸ்பேஸ்’ மதிப்பையும் நகலெடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிப் பாருங்கள். கண்ணால் மட்டும் பார்த்தால் தப்பிவிடும். கடைசியில் ஒரு சாய்கோடு கூடியிருக்கும், ‘எச்டிடிபி’ என்பது ‘எச்டிடிபிஎஸ்’ ஆகியிருக்கும், ஒரு எழுத்து பெரிதாக இருக்கும். பெயர்வெளி முகவரி போல் தோன்றினாலும் பார்சருக்கு அது வெறும் எழுத்துக்கோவை. ஒரு குறி மாறினாலும் வேறு பெயர்வெளிதான். இணையதளங்கள் பாதுகாப்பு நெறிக்கு மாறிய பிறகு, நல்லெண்ணத்தோடு யாரோ பெயர்வெளியிலும் ஓர் ‘எஸ்’ சேர்த்துவிட்ட கோப்புகள் இன்றும் என் மேசைக்கு வருகின்றன.

பார்சர் பெயர்வெளிகளைக் கவனிக்கிறதா? ஜாவாவில் ‘டாக்குமெண்ட்பில்டர்ஃபேக்டரி’ இயல்பாகவே பெயர்வெளிகளைக் கண்டுகொள்ளாது. ‘செட்நேம்ஸ்பேஸ்அவேர்’ என்பதை நீங்கள்தான் உண்மை என்று வைக்க வேண்டும். கோப்பும் சரி, ஸ்கீமாவும் சரி, ஆனாலும் இந்தப் பிழை வருகிறது என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

ஸ்கீமா ஏற்றப்பட்டதா? பிழைக்கு முன்னால் ‘ஸ்கீமா_ரெஃபரன்ஸ்.4’ என்ற எச்சரிக்கை ஓடியிருக்கிறதா என்று பதிவேட்டைப் பாருங்கள். ஸ்கீமா கோப்பைப் படிக்க முடியவில்லை என்பது அதன் பொருள். கோப்பிலுள்ள ‘ஸ்கீமாலொகேஷன்’ பண்பு (குறிக்குள் பெயரும் மதிப்புமாக எழுதுவது பண்பு), இடைவெளியால் பிரிந்த இணைகளின் பட்டியல்: பெயர்வெளி, இடம், பெயர்வெளி, இடம். கோப்புறையின் பெயரில் ஓர் இடைவெளி இருந்தால் இணைகள் குலைந்து, எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்ற எச்சரிக்கை வரும்.

சோதனை தவறான முறையில் நடக்கிறதா? இலக்கணம் கிடைக்கவில்லை என்றும், வேர் உறுப்பு ‘நல்’ என்ற டாக்டைப் வேருடன் பொருந்த வேண்டும் என்றும் இரண்டு செய்திகள் சேர்ந்து வந்தால், பார்சர் ஸ்கீமாவைத் தேடவே இல்லை. ஸ்கீமாவுக்கு முந்தைய இலக்கண முறையான டிடிடியைத் தேடுகிறது. ஜாவாவில் ‘செட்வேலிடேட்டிங்’ என்பது டிடிடிக்கான பொத்தான். அதை அணைத்துவிட்டு ஸ்கீமா பொருளை ‘செட்ஸ்கீமா’ மூலம் கொடுங்கள்.

கடைசியாக ஸ்கீமா. ஒரு கோப்பின் வேராக வரக்கூடியவை ஸ்கீமாவின் மேல்மட்டத்தில் அறிவிக்கப்பட்ட உறுப்புகள் மட்டும்தான். ‘நூல்’ உறுப்பு ‘நூற்பட்டியல்’ வகைக்குள் மட்டும் அறிவிக்கப்பட்டிருந்தால், ஒற்றை நூலை மட்டும் தனிக் கோப்பாக அனுப்ப முடியாது. அந்த அறிவிப்பை மேலே கொண்டுவந்து உள்ளே ‘ரெஃப்’ மூலம் சுட்ட வேண்டும். ஸ்கீமா உங்களுடையதாக இல்லாவிட்டால் இதைச் செய்யாதீர்கள், உரியவரிடம் கேளுங்கள்.

## அறிகுறி: இந்த உறுப்பு இங்கே எதிர்பார்க்கப்படவில்லை

‘சிவிசி-காம்ப்ளெக்ஸ்-டைப்.2.4’ என்ற குடும்பம். புள்ளிக்குப் பின் வரும் எழுத்துதான் வழியைப் பிரிக்கிறது.

### ‘ஏ’ என்று வந்து, எதிர்பார்ப்புப் பட்டியலில் அதே பெயர் இருந்தால்

‘தலைப்பு’ வரக்கூடாது, ‘தலைப்பு’ வர வேண்டும் என்று செய்தி சொல்கிறது. இதைப் பார்த்துத் தலையில் கைவைத்தவர்கள் ஏராளம். பெயர் ஒன்றுதான், பெயர்வெளி வேறு. செய்தியில் அடைப்புக்குள் இருப்பதைக் கூர்ந்து பாருங்கள். ஒன்றில் முகவரி இருக்கும், மற்றதில் இருக்காது.

பெரும்பாலும் காரணம் ‘எலிமெண்ட்ஃபார்ம்டிஃபால்ட்’. இதை ஸ்கீமாவில் எழுதாமல் விட்டால் மதிப்பு ‘அன்குவாலிஃபைட்’ ஆகிவிடும். அப்போது மேல்மட்ட உறுப்புகள் மட்டும் பெயர்வெளியில் இருக்கும். வகைகளுக்குள் அறிவித்த உறுப்புகள் எந்தப் பெயர்வெளியிலும் இரா. ஆனால் கோப்பை எழுதுபவரோ வேர் உறுப்பில் இயல்புப் பெயர்வெளியை வைத்துவிடுகிறார். அது எல்லாப் பிள்ளைகளுக்கும் இறங்கி, சோதனை தோற்கிறது.

ஸ்கீமா பிறருடையது என்றால், வேர் உறுப்புக்கு மட்டும் பெயர்வெளியைக் குறிக்கும் முன்னொட்டுக் கொடுத்து, பிள்ளைகளை முன்னொட்டில்லாமல் விடுங்கள். உங்களுடையது, இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை என்றால் ‘குவாலிஃபைட்’ என்று மாற்றிவிடுங்கள். எதிர்காலத் தலைவலி பாதி குறையும். ஏற்கெனவே பலர் பயன்படுத்தும் ஸ்கீமாவில் இந்த ஒரு சொல்லை மாற்றினால் அத்தனை பேரின் கோப்புகளும் ஒரே நாளில் தோற்கும். அதை ஒரு புதிய பதிப்பாக அறிவித்துத்தான் செய்ய வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. நிரல் உருவாக்கிய கோப்பில், பிள்ளை உறுப்பின்மேல் வெற்று மேற்கோளோடு ஒரு பெயர்வெளி அறிவிப்பு தானாக முளைத்திருக்கும். யாரும் அதை எழுதியிருக்க மாட்டார்கள். கோப்பை நினைவகத்தில் மரமாக வைத்துக் கையாளும் டாமில் ‘கிரியேட்எலிமெண்ட்’ என்று உருவாக்கிய உறுப்புக்குப் பெயர்வெளி கிடையாது; அதை வெளியே எழுதும்போது மென்பொருள் அப்படித்தான் காட்டும். வெளியே வந்த கோப்பில் அந்தச் சொல்லைத் தேடி அழிப்பது தீர்வன்று. நிரலில் ‘என்எஸ்’ என்று முடியும் செயல்கூறைப் பயன்படுத்துங்கள்.

### ‘ஏ’ என்று வந்து, வேறு பெயர் இருந்தால்

வரிசை மாறியிருக்கிறது, அல்லது இடையில் ஒன்று விடுபட்டிருக்கிறது. ‘சீக்வென்ஸ்’ என்றால் எழுதிய வரிசை சட்டம். ‘ஆசிரியர்’ வந்தபின் ‘தலைப்பு’ வந்தால் தோல்விதான். பட்டியலில் எதிர்பார்க்கப்படும் பெயர் கோப்பில் பின்னால் எங்காவது இருந்தால் வரிசைப் பிழை. எங்குமே இல்லாவிட்டால் விடுபட்ட பிழை. எழுத்துப்பிழையும் இங்கேதான் வந்து சேரும்: ‘வெளியீட்டு_நாள்’, ‘வெளியீட்டுநாள்’ இரண்டும் வேறு.

வரிசை முக்கியமில்லை என்றால் ‘ஆல்’ என்று மாற்றலாமே என்று உடனே தோன்றும். ஸ்கீமா மொழியின் 1.0 பதிப்பில் ‘ஆல்’ குழுவுக்குள் எந்த உறுப்பும் ஒரு முறைக்கு மேல் வரக்கூடாது. இரண்டு ஆசிரியர்கள் எழுதிய நூல் வந்த அன்றே அது உடையும். 1.1 பதிப்பில் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. ஆனால் எதிர்முனையில் 1.1 ஓடுகிறதா என்பது வேறு கேள்வி. என் பரிந்துரை: வரிசையை அப்படியே வைத்து, கோப்பை உருவாக்கும் நிரலைத் திருத்துங்கள்.

### ‘பி’ என்றால்

உறுப்பு முடிந்துவிட்டது, ஆனால் கட்டாயமான ஏதோ ஒன்று இன்னும் வரவில்லை. வரி எண் மூடும் குறியைக் காட்டும். குறைந்தது எத்தனை முறை வர வேண்டும் என்று சொல்லும் ‘மின்அக்கர்ஸ்’ எழுதாவிட்டால் அதன் மதிப்பு 1 என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

### ‘டி’ (d) என்றால்

இதற்குமேல் எந்தப் பிள்ளையும் வரக்கூடாது. ‘மேக்ஸ்அக்கர்ஸ்’ இயல்பு மதிப்பும் 1தான். முதல் ‘ஆசிரியர்’ கடந்து இரண்டாவதில் நின்றால் காரணம் அதுவே.

## அறிகுறி: மதிப்பு வகைக்குப் பொருந்தவில்லை

‘சிவிசி-டேட்டாடைப்-வேலிட்.1.2.1’ வரும், கூடவே அதே வரிக்கு ‘சிவிசி-டைப்.3.1.3’ வரும். முதல் செய்தியில்தான் வகையின் பெயர் இருக்கும், அதைப் படியுங்கள்.

எண்களில் நம் ஊர்ப் பழக்கம்தான் முதல் காரணம். <விலை>1,200</விலை> என்பது ‘டெசிமல்’ வகையில் தேறாது. காற்புள்ளி, ரூபாய்க் குறி, ‘1.2ஈ3’ போன்ற அடுக்குக்குறி எதுவும் கூடாது. நாட்களில் 2024-01-15 என்ற ஒரே வடிவம், 15/01/2024 தேறாது. நாளோடு நேரமும் சேர்ந்த வகையில் இரண்டுக்கும் நடுவே ‘டி’ (T) என்ற ஆங்கிலப் பெரிய எழுத்து கட்டாயம். தரவுத்தளத்திலிருந்து நேரடியாக எடுத்த மதிப்பில் அங்கே இடைவெளி இருக்கும். இந்திய நேரத்தைக் குறிக்க விரும்பினால் கடைசியில் +05:30 சேர்க்கலாம். ‘பூலியன்’ வகை நான்கு மதிப்புகளை மட்டும் ஏற்கும்: சிறிய எழுத்தில் ‘ட்ரூ’, ‘ஃபால்ஸ்’, மற்றும் 1, 0. பைத்தான் நிரல் அச்சிடும் ‘ட்ரூ’வின் முதல் எழுத்து பெரிதாக இருப்பதால் அது தோற்கும்.

வெற்று உறுப்பு. <விலை></விலை> என்று காலியாக அனுப்பிவிட்டு, ‘மின்அக்கர்ஸ்’ 0 என்றுதானே இருக்கிறது என்று கேட்பார்கள். சுழியம் என்றால் உறுப்பே இல்லாமல் இருக்கலாம் என்று பொருள். உறுப்பு வந்துவிட்டால் உள்ளே எண் இருந்தே ஆக வேண்டும். மதிப்பில்லை என்றால் உறுப்பையே விட்டுவிடுங்கள். இடத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்றால் ஸ்கீமாவில் ‘நில்லபிள்’ வைத்து, கோப்பில் ‘நில்’ பண்பைச் சேர்க்க வேண்டும். ஸ்கீமாவில் மட்டும் வைத்தால் பழைய பிழையே தொடரும்; கோப்பில் மட்டும் சேர்த்தால் ‘சிவிசி-எல்ட்.3.1’ என்று அடுத்த பிழை காத்திருக்கும்.

பட்டியலில் இருக்கும் மதிப்பே மறுக்கப்படுகிறது. ‘சிவிசி-எனுமரேஷன்-வேலிட்’ வந்து, மதிப்போ பட்டியலில் அப்படியே இருந்தால், மதிப்பின் முன்பின் இடைவெளியைப் பாருங்கள். ‘ஸ்டிரிங்’ வகை இடைவெளியையும் வரிமுறிவையும் அப்படியே வைத்துக்கொள்ளும். அழகுபடுத்தும் கருவி உறுப்பை மூன்று வரியாக உடைத்திருந்தால் பொருந்தாது. அடிப்படை வகையை ‘டோக்கன்’ ஆக்கினால் இது தீரும். ஆனால் விரிதாளிலிருந்தோ வேர்டு கோப்பிலிருந்தோ ஒட்டியதில் வரும் உடையா இடைவெளியை ‘டோக்கன்’ நீக்காது. சாதாரண இடைவெளி, தத்தல், வரிமுறிவுகளைத்தான் அது சுருக்கும். அதை மூலத்திலேயே அகற்ற வேண்டும்.

வடிவம் மறுக்கிறது. மதிப்பின் வடிவத்தைச் சொல்லும் ‘பேட்டர்ன்’ எழுதும்போது தொடக்கத்துக்கு மேற்கூரைக் குறியும் (^) முடிவுக்கு டாலர் குறியும் போடுவது மற்ற மொழிகளின் பழக்கம். ஸ்கீமாவில் வடிவம் எப்போதும் முழு மதிப்பின் மீதும் பொருந்த வேண்டும். அந்த இரண்டு குறிகளும் இங்கே வெறும் எழுத்துகள். டாலரில் முடியும் அஞ்சல் குறியீட்டைத்தான் உங்கள் ஸ்கீமா எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். நீக்கிவிடுங்கள். மேலும், ஒரே வகைக்குள் இரண்டு வடிவங்களை எழுதினால் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும். இரண்டும் பொருந்த வேண்டுமானால் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகையை வருவித்து அடுத்த வடிவத்தை அங்கே எழுத வேண்டும்.

வகையை ‘ஸ்டிரிங்’ என்று மாற்றினால் இந்தப் பகுதியிலுள்ள பிழைகள் பெரும்பாலும் ஒரு நொடியில் மறைந்துவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விலைக் களத்தில் ‘விரைவில்’ என்ற சொல் வந்து சேரும்; அதைக் கூட்டிப் பார்க்கும் நிரல் மூன்று அலுவலகங்களுக்கு அப்பால் உடையும்; காரணத்தைத் தேடுபவர் உங்களிடம் வந்து சேர வெகுகாலம் ஆகும்.

## அறிகுறி: ஆங்கிலத் தரவு தேறுகிறது, தமிழ்த் தரவு மட்டும் தோற்கிறது

இதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். ஸ்கீமா எழுதியவர்கள் பெரும்பாலும் தமிழ்த் தரவை வைத்துச் சோதித்திருக்க மாட்டார்கள்.

நீளம். ‘மேக்ஸ்லெங்த்’ எண்ணுவது யூனிகோடு குறியீடுகளை, நம் எழுத்துகளை அன்று. ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து, பார்சருக்கு ஐந்து. ‘திருவள்ளுவர்’ நமக்கு ஏழு, பார்சருக்குப் பன்னிரண்டு. வரம்பு 10 என்றால் வள்ளுவருக்கு இடமில்லை. உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதே காரணம். தமிழ்ப் பெயர்களுக்கான களத்தில், எழுத்து எண்ணிக்கையைப் போல் இரு மடங்கு வரம்பு வையுங்கள். தரவுத்தளம் பைட்டுகளில் எண்ணினால் கணக்கு இன்னும் ஏறும். யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள்.

வடிவத்தில் எழுத்து வீச்சு. ‘அ முதல் ஹ வரை’ என்று சதுர அடைப்புக்குள் எழுதியிருப்பார்கள். உயிரும் அகரமேறிய மெய்யும் அதில் அடங்கும். கால், கொம்பு, கொக்கி, புள்ளி எதுவும் அடங்காது. ‘தமிழ்’ என்ற சொல்லே தேறாது. ஸ்கீமாவின் வடிவமொழியில் தமிழ்த் தொகுதி முழுவதற்கும் ‘இஸ்தமிழ்’ என்று ஒரு குறி உண்டு. அதைப் பயன்படுத்தி, அதோடு இடைவெளி, புள்ளி போன்ற தேவையானவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத இணைப்பொடிப்பான். இணையப் பக்கங்களிலிருந்து ஒட்டிய சொற்களில், ‘க்’ பக்கத்தில் ‘ஷ’ வந்து கூட்டெழுத்தாக ஆகாமலிருக்க ஒரு சுழிய அகலக் குறி இருக்கும். அது தமிழ்த் தொகுதியில் இல்லை. சொல்லெழுத்துகளைக் குறிக்கும் பொதுக் குறியிலும் அடங்காது. திரையில் எதுவும் தெரியாமல் ஒரே ஒரு பெயர் மட்டும் தோற்றால் இதைத் தேடுங்கள். குறியீடுகளைப் பதினாறடிமான எண்ணில் காட்டும் எந்தப் பதிப்பானிலும் பிடிபட்டுவிடும்.

ஒரே தோற்றம், இரு குறியீடு. ‘கோவை’ என்பதன் ‘கோ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஓகாரக் குறி ஒன்றாக, அல்லது ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக. அச்சில் வேறுபாடில்லை. எக்ஸ்எம்எல் ஸ்கீமா இவற்றை ஒன்றாக்கிப் பார்ப்பதில்லை. மாவட்டப் பெயர்களை எனுமரேஷனாக வைத்திருக்கும் ஸ்கீமாவில் இது அடிக்கடி வரும். கோப்பை உருவாக்கும் நிரலில் யூனிகோடு சீராக்கத்தின் ‘என்எஃப்சி’ வடிவத்துக்கு மாற்றுங்கள். ஸ்கீமாவும் அதே வடிவத்தில் இருப்பதை உறுதிசெய்யுங்கள். ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ‘ள’கரமும் தட்டியிருந்தால் சீராக்கம் உதவாது. அதைக் கையால்தான் திருத்த வேண்டும்.

எண்கள். வடிவமொழியில் இலக்கத்தைக் குறிக்கும் சுருக்கக் குறி, யூனிகோடின் எல்லா மொழி இலக்கங்களையும் ஏற்கும். ௧, ௨, ௩ உட்பட. ஆகவே ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டைத் தமிழ் எண்களில் எழுதினாலும் அந்த வடிவம் தேற்றிவிடும், பின்னால் இருக்கும் நிரல் தடுமாறும். 0 முதல் 9 வரை என்று வெளிப்படையாக எழுதுவதே பாதுகாப்பு. ‘இன்டிஜர்’, ‘டெசிமல்’ வகைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

பழைய எழுத்துருத் தரவு. பாமினி போன்ற எழுத்துருவில் தட்டிய உரை உண்மையில் ஆங்கிலக் குறிகள். அதில் ‘ஈ’ என்பது கோண அடைப்பின் திறப்புக்குறியாகவே சேமிக்கப்பட்டிருக்கும். கோப்பு ஸ்கீமா வரை போகாமல் முதல் படியிலேயே உடையும். ‘ஈ’ இல்லாத உரை ‘ஸ்டிரிங்’ வகையில் அமைதியாகத் தேறிவிடுவது அதைவிட மோசம். தலைப்பு, ஆசிரியர் களங்களுக்குத் தமிழ்த் தொகுதி வடிவத்தை வைத்தால் அவை வாசலிலேயே நின்றுவிடும். ஆயிரக்கணக்கான பதிவுகள் இப்படி இருந்தால், எழுத்துரு மாற்றத்தில் பழகியவரிடம் கொடுங்கள். தேடி மாற்றும் முறையில் இறங்கினால் இடையில் கலந்திருக்கும் உண்மையான ஆங்கிலமும் குலைந்துபோகும்.

## அறிகுறி: பண்பு அல்லது உள்ளுரை குறித்த பிழை

இவையும் ‘சிவிசி-காம்ப்ளெக்ஸ்-டைப்’ குடும்பம்தான். பண்பு அனுமதிக்கப்படவில்லை என்றால் ‘3.2.2’, கட்டாயப் பண்பு இல்லை என்றால் ‘4’. எழுத்துப்பிழை, அல்லது பண்புக்கு வேண்டாத முன்னொட்டு. முன்னொட்டில்லாத பண்பு இயல்புப் பெயர்வெளியில் சேராது என்பதை நினைவில் வையுங்கள்.

‘2.3’ வந்தால், பிள்ளை உறுப்புகள் மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் உரை இருக்கிறது. பெரும்பாலும் குறிகளுக்கு நடுவே தவறி விழுந்த ஒரு காற்புள்ளியோ புள்ளியோதான். விலைக்கு நாணயத்தைப் பண்பாகச் சேர்க்கப் போய், எண் வகையை விட்டுப் பண்பு மட்டுமுள்ள ‘காம்ப்ளெக்ஸ்டைப்’ எழுதிவிட்டவர்களுக்கு, உள்ளடக்கம் வெறுமையாக இருக்க வேண்டும் என்று ‘2.1’ வரும். அவர்களுக்குத் தேவை ‘சிம்பிள்கண்டென்ட்’டின் நீட்சி: உள்ளே ‘டெசிமல்’, வெளியே பண்பு.

## அறிகுறி: ஸ்கீமாவே ஏறவில்லை

‘எஸ்ஆர்சி-ரிசால்வ்’: பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. முதலில், வகையைச் சுட்டும் இடத்தில் முன்னொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கீமாவுக்குப் பெயர்வெளி உண்டென்றால், முன்னொட்டில்லாத ‘நூல்வகை’ வேறெங்கோ தேடப்படும். அடுத்து, வகை இன்னொரு கோப்பில் இருந்தால்: அதே பெயர்வெளிக்கு ‘இன்க்ளூட்’, வேறு பெயர்வெளிக்கு ‘இம்போர்ட்’. பிழை எண்ணின் பின்னால் ‘4.2’ இருந்தால் இம்போர்ட் விடுபட்டிருக்கிறது.

இரண்டும் இருந்தும் வரவில்லை என்றால், ஒரே பெயர்வெளியை இரண்டு கோப்புகளிலிருந்து இரண்டு முறை இம்போர்ட் செய்திருக்கிறீர்களா என்று தேடுங்கள். பார்சர்கள் பொதுவாக இரண்டாவதைத் தவிர்த்துவிடும். எக்ஸ்எம்எல்லிண்ட் அதை எச்சரிக்கையாகவாவது சொல்லும். இரண்டு கோப்புகளையும் இன்க்ளூட் செய்யும் ஒரு மேலுறைக் கோப்பை எழுதி, அதை மட்டும் இம்போர்ட் செய்யுங்கள்.

உங்கள் கணினியில் ஏறுகிறது, சர்வரில் ஏறவில்லை என்றால் பாதையைப் பாருங்கள். ஜாவாவில் ஸ்கீமாவை ஓடையாக (ஸ்ட்ரீம்) மட்டும் கொடுத்து, அதன் இடத்தைச் சொல்லும் ‘சிஸ்டம்ஐடி’யைக் கொடுக்காவிட்டால், உள்ளே இருக்கும் சார்புப் பாதைகளை எங்கிருந்து தொடங்குவதென்று பார்சருக்குத் தெரியாது.

‘எக்ஸ்எம்எல்:லாங்’ பண்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், அதன் ஸ்கீமாவை, எக்ஸ்எம்எல் தரங்களை வெளியிடும் டபிள்யூ3சி அமைப்பின் தளத்திலிருந்து இறக்க முயன்று தோற்றிருக்கிறது. இப்படித் திரும்பத் திரும்ப இறக்கும் மென்பொருள்களால் ஒரு நாளில் 13 கோடி வேண்டுகோள்கள் வரை வருவதாக அந்த அமைப்பு 2008இல் எழுதியது. அத்தகைய வேண்டுகோள்களுக்கு அது வேண்டுமென்றே தாமதமாகப் பதில் தந்ததும் உண்டு. அந்தச் சிறு கோப்பை உங்கள் கோப்புறையில் வைத்து, பாதையை அங்கே திருப்பிவிடுங்கள். அல்லது இணைய முகவரிகளை உள்ளூர்க் கோப்புகளுக்குத் திருப்பும் எக்ஸ்எம்எல் கேட்டலாக் அமையுங்கள். வெளி ஸ்கீமாவுக்கு அனுமதியில்லை என்று ஜாவா மறுத்தால், பாதுகாப்புத் தடையைத் தளர்த்துவதற்குப் பதிலாக இதையே செய்யுங்கள்.

‘சிஓஎஸ்-நான்ஆம்பிக்’: இருபொருள். ஒரு உறுப்பைப் படித்தவுடனே அது எந்த அறிவிப்பைச் சேர்ந்தது என்று, அடுத்து வருவதைப் பார்க்காமல், தெரிய வேண்டும். ‘தலைப்பும் ஆசிரியரும், அல்லது தலைப்பும் தொகுப்பாசிரியரும்’ என்று தேர்வு எழுதினால் தலைப்பைப் படிக்கும்போதே குழப்பம். ‘தலைப்பு, அதன்பின் ஆசிரியர் அல்லது தொகுப்பாசிரியர்’ என்று பொதுவானதை வெளியே எடுங்கள். விருப்ப உறுப்புக்குப் பின்னால் எதையும் ஏற்கும் ‘எனி’ இருந்தாலும் இதே பிழை. அதற்கு வேறு பெயர்வெளிகளை மட்டும் ஏற்கும் ‘அதர்’ மதிப்பைக் கொடுங்கள். இரண்டும் உதவாவிட்டால் உள்ளடக்கத்தின் வடிவமைப்பையே மாற்ற வேண்டும். ஸ்கீமா வடிவமைத்து அனுபவமுள்ளவரை அழைக்க வேண்டிய இடம் இதுதான். இங்கே எடுக்கும் முடிவு வருங்காலப் பதிப்புகள் அனைத்தையும் கட்டுப்படுத்தும்.

நினைவகம் தீர்ந்துபோகிறது. ‘மேக்ஸ்அக்கர்ஸ்’ மதிப்பாக 10000 போன்ற பெரிய எண் இருந்தால், ஸெர்ஸஸ் வழிவந்த பார்சர்கள் அதை விரித்துக் கட்டமைக்க முயன்று திணறும். ஜாவாவின் பாதுகாப்பு அமைப்பில் இயல்பான வரம்பு 5,000. ‘அன்பவுண்டட்’ என்று மாற்றி, எண்ணிக்கையை நிரலில் சோதியுங்கள்.

## அறிகுறி: தவறான கோப்பும் தேறிவிடுகிறது

எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். பிழைச் செய்தி இல்லாததால் யாரும் தேட மாட்டார்கள். புதிதாக எந்தச் சோதனை அமைப்பை உருவாக்கினாலும், வேண்டுமென்றே கெடுத்த ஒரு கோப்பைக் கொடுத்து அது தோற்கிறதா என்று பார்த்த பிறகே நம்புங்கள்.

தேறிவிட்டால், முதலில் பிழை கேட்பானைப் பாருங்கள். ஜாவாவில் பிழையைப் பெறும் செயல்கூறை யாரோ காலியாக எழுதி வைத்திருப்பார்கள். டாட்நெட்டில், கோப்பின் பெயர்வெளிக்கு ஸ்கீமாவே கிடைக்காவிட்டாலும் அது எச்சரிக்கை மட்டுமே. எச்சரிக்கைகளையும் தெரிவிக்கும்படி ‘ரிப்போர்ட்வேலிடேஷன்வார்னிங்ஸ்’ கொடியை ஏற்றாவிட்டால் முழுக் கோப்பும் சோதிக்கப்படாமலேயே தேறிவிடும்.

அடுத்து ஸ்கீமா. உறுப்பை அறிவித்துவிட்டு வகையைக் குறிப்பிட மறந்தால் அதன் வகை ‘எனிடைப்’; உள்ளே எதை வைத்தாலும் ஏற்கும். ‘எனி’யில் சோதனையைத் தளர்த்தும் ‘லாக்ஸ்’ இருந்தால், அறிவிப்பில்லாத உறுப்புகள் கேள்வியின்றிக் கடந்துவிடும். பெயர்வெளியில் ஓர் எழுத்துப்பிழை இருந்தாலே போதும். ‘ஸ்டிரிங்’ வகையில் கட்டாய உறுப்பு வெறுமையாக வந்தாலும் தேறும். தடுக்க, ‘டோக்கன்’ அடிப்படையில் ‘மின்லெங்த்’ 1 வையுங்கள். வெறும் இடைவெளியும் அப்போது தோற்கும்.

ஐஎஸ்பிஎன் எண்ணின் சோதனை இலக்கம் சரியா என்பது போன்ற கணக்குகளை 1.0 ஸ்கீமாவால் பார்க்க முடியாது. வெளியீட்டுநாள் மறுபதிப்பு நாளுக்கு முந்தியதா என்ற ஒப்பீடும் அப்படியே. அவற்றை நிரலிலோ, இத்தகைய விதிகளுக்கான தனி மொழியான ஸ்கீமட்ரானிலோ எழுதுங்கள்.

## அறிகுறி: ஓரிடத்தில் தேறுகிறது, இன்னோரிடத்தில் இல்லை

இருவரும் ஒரே ஸ்கீமா கோப்பைத்தான் வைத்திருக்கிறீர்களா என்று முதலில் இரண்டின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒப்பிடுங்கள். பலமுறை இதிலேயே முடிந்துவிடும்.

ஒன்றே என்றால், பதிப்பைப் பாருங்கள். ஸ்கீமா 1.0 முதலில் 2001இல் வந்தது, 1.1 பரிந்துரை 2012இல் வந்தது. எக்ஸ்எம்எல்லிண்ட், டாட்நெட், ஜாவாவோடு வரும் பார்சர் ஆகியவை 1.0 மட்டுமே அறிந்தவை. 1.1இன் நிபந்தனை விதியான ‘அசெர்ட்’ எழுதிய ஸ்கீமாவை அவை ஏற்காது. 1.1 வேண்டுமானால் ஸெர்ஸஸின் தனி வெளியீடு, கட்டணம் செலுத்தும் சாக்ஸன் பதிப்பு போன்ற ஒன்று தேவை. எதிர்முனைகள் அனைத்தும் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் 1.0ஐ விட்டு நகராதீர்கள்.

## ஸ்கீமாவுக்கு உரியவரிடம் எப்போது போவது

கோப்பு அவர்கள் ஆவணத்தில் எழுதியபடி இருக்கிறது, ஸ்கீமா மறுக்கிறது என்றால். அல்லது இரண்டு பார்சர்கள் ஒரே ஸ்கீமாவைப் பற்றி முரண்பட்ட முடிவு சொன்னால். அல்லது ஸ்கீமாவே ஏறவில்லை, அது உங்களுடையதும் இல்லை என்றால் மேற்கொண்டு முயலாதீர்கள். பிறர் வெளியிட்ட ஸ்கீமாவின் உள்ளூர் நகலைத் திருத்தி உங்கள் பக்கத்தில் தேற வைப்பதால் ஒரு பயனும் இல்லை, அவர்கள் பக்கத்தில் அது தோற்கும்.

எழுதும்போது முழுக் கோப்பையும் அனுப்பாதீர்கள். பிழை மறையும்வரை ஒவ்வொரு பகுதியாக வெட்டி, பிழை இன்னும் வரும் மிகச் சிறிய கோப்பை எடுங்கள்; அதிலிருக்கும் பெயர், விலை போன்ற உண்மைத் தரவுகளை மாற்றிவிடுங்கள். அதோடு ஸ்கீமாவின் பதிப்பும் ஹாஷ் மதிப்பும், பார்சரின் பெயரும் பதிப்பும், முதல் பிழைச் செய்தியின் முழு வாசகமும். இவ்வளவும் இருந்தால் அவர்கள் மறுகேள்வி கேட்காமல் வேலையைத் தொடங்க முடியும்.